தடைக்காலத்திலும் ஆறாத கை: காசிமேட்டு இறால் தொழிலாளி ஒருவரின் கை எக்சிமா குறித்த நிகழ்வு ஆய்வு

நோயாளியின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் முறையீடும்

வயது 36, பெண். வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிப்பதும் மீன் வெட்டிக் கொடுப்பதும் தொழில். நான்கு ஆண்டுகளாக இரண்டு கைகளிலும் அரிப்பு, வெடிப்பு, அவ்வப்போது நீர்க்கசிவு. கடந்த சில மாதங்களில் அது மணிக்கட்டைத் தாண்டி முன்கைக்கு ஏறியிருந்தது. ஜூன் முதல் வாரத்தில் வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்: “டாக்டர்மா, வருசா வருசம் போட்டு ஓடாத மாசத்துல கை தானா ஆறிடும். இந்த வருசம் வேலைக்கே போவல, ஆனா ஆறவே மாட்டேங்குது. ராவெல்லாம் நமச்சல், தூக்கமே கிடையாது.”

இந்த நோயைப் பிரித்தறிய எந்தப் பரிசோதனையையும்விட அதிகம் உதவியது இந்தத் தகவல்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இவர் அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் இருப்பார். முந்தைய மூன்று தடைக்காலங்களிலும் பதினைந்து இருபது நாளில் கை தெளிந்திருக்கிறது. படகுகள் கிளம்பியதும் ஜூலையில் மறுபடி வெடித்திருக்கிறது. அப்படியானால் தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள உறவில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆண்டு தொழில் நின்றும் நோய் நிற்கவில்லை. தொழிலோடு சம்பந்தமில்லாத இன்னொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அது இப்போது வீட்டுக்குள் இருக்கிறது என்றுதானே பொருள்?

கைகள் ஒரு நாளில் என்ன செய்கின்றன

கை எக்சிமாவுடன் (தோல் சிவந்து அரித்து வெடிக்கும் நிலை) வருபவரிடம் “எத்தனை நாளாக?” என்று கேட்டுவிட்டு மருந்து எழுதிவிடுவது எளிது. காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை கை எதையெல்லாம் தொடுகிறது என்று ஒருமுறை நடத்திப் பார்க்கவேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். நெரிசலான புறநோயாளர் பிரிவில் அது பெரிய நேரம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் கை எக்சிமாவுக்கு வைத்தியம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இவருக்கு விடியுமுன் நாலு மணிக்கு ஏலம். அதிலிருந்து பத்து மணிவரை ஐஸ் தண்ணீரில் கை. இறாலின் தலைக்கொம்பு குத்தாத நாள் இல்லை. நடுநடுவே உப்புத் தண்ணீரில் கை அலசல். வேலை முடிந்ததும் கவுச்சி போகத் துணி சோப்பால் தேய்த்துக் கழுவுவார். வீட்டில் பாத்திரம், துணி, சமையல். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 தடவைக்கு மேல் கழுவினாலோ அதைத் தோலைக் கெடுக்கும் ஈரவேலை என்று தொழில் மருத்துவம் கணக்கிடுகிறது. இவர் காலை ஆறு மணிக்கெல்லாம் அந்த அளவைத் தொட்டுவிடுகிறார்.

இன்னொன்றும் கேட்டேன்: அரிப்பு எப்போது தொடங்குகிறது? மீன் வெட்டும்போது எதுவும் இல்லை. இறாலைத் தொட்ட கால் மணி நேரத்துக்குள் விரல்களில் நமநமவென்று ஏறி, தடித்து, ஒரு மணி நேரத்தில் அடங்கும். “இறால் உரிக்கிற எல்லாருக்கும் இருக்கிறதுதானேம்மா” என்றார். எல்லாருக்கும் இருக்கும் எரிச்சல் வேறு, நிமிடங்களில் தடித்து எழும்பும் அரிப்பு வேறு. இதைக் குறித்துக்கொண்டேன்.

சின்ன வயதில் முழங்கை மடிப்பில் ‘கரப்பான்’ இருந்ததாக அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். ஐந்து வயது மகனுக்கும் அதே இடத்தில் இருக்கிறது. தம்பிக்கு வீசிங்.

பூசியவை

முதலில் வேப்பிலை மஞ்சள் அரைப்பு, பிறகு கிருமிநாசினி ஊற்றிய வெந்நீர், பிறகு தேங்காய் எண்ணெய். கடைசியில், ஒன்றரை ஆண்டுக்கு முன் மெடிக்கல் ஷாப்பில் கையைக் காட்டி வாங்கிய ஒரு டியூப். கொண்டுவரச் சொன்னேன். பின்பக்கச் சிறிய எழுத்தில் மூன்று மருந்துகள்: குளோபெடசால் என்னும் மிக வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு நியோமைசின். “போட்டா ரெண்டு நாள்ல அடங்கும். வுட்டா டபுளா வரும்” என்றார். தை மாதத்திலிருந்து தினமும் இரண்டு வேளை, தடைக்காலத்திலும் நிறுத்தவில்லை.

இத்தகைய மூன்று மருந்துக் கலவைக் களிம்புகள் நம் ஊரில் எவ்வளவு சாதாரணமாகக் கைமாறுகின்றன என்பது தோல் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் பல ஸ்டீராய்டு களிம்புகள் ஷெட்யூல் எச் பட்டியலின்கீழ் கொண்டுவரப்பட்டன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனால் நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவருக்கு, தெருமுனைக் கடைதான் முதல் மருத்துவமனை. வாங்கியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

கண்டவை

உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் தோல் தடித்து, ரேகை மறைந்து, ஆழமான வெடிப்புகள். இறாலைப் பிடிக்கும் இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகள் மிக மோசம். விரலிடுக்குகளில் செதில். இது பழைய நோயின் முகம்.

புறங்கை வேறு கதை சொன்னது. அங்கே தோல் மெலிந்து, பளபளத்து, நரம்பு தெரிந்தது. நீண்ட நாள் வீரியமான ஸ்டீராய்டு பூசியதன் அடையாளம். அதன்மேல் சிவப்பும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களும் கசிவும் முன்கைவரை பரவியிருந்தன. அந்தப் பரவலின் எல்லை, அவர் களிம்பைத் தேய்த்துவிடும் எல்லையேதான். இரண்டு வெடிப்புகளில் மஞ்சள் பொருக்கு. முழங்கை மடிப்புகளில் கறுத்துத் தடித்த பழைய தோல். தலை, முழங்கை வெளிப்புறம், பாதம், நகம் ஆகியவற்றில் குறிப்பிட எதுவுமில்லை.

எந்த எக்சிமா?

எக்சிமா ஒரே நோயின் பெயரல்ல. தோலின் மேலடுக்கு சிவந்து, நீர் கோத்து, கசிந்து, நாள்பட்டால் தடித்து வெடிக்கும் ஒரு வீக்க நிலை. அந்த நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம். வந்த வழி தெரியாமல் பூசுகிற களிம்பு சில நாட்களுக்கு மட்டுமே அடக்கும்.

பிறவியிலேயே தோலின் தடுப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வருவது அடோபிக் எக்சிமா. நாம் கரப்பான் என்பதில் பெரும்பகுதி இதுதான். கைக்குழந்தையில் கன்னத்தில் தொடங்கி, நடக்கும் வயதில் முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இடம் மாறும். ஆஸ்துமாவும் தும்மலும் அதே குடும்பத்தில் இருக்கும். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் இது வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006-இல் தெரியவந்தது. தோல் ஈரத்தைப் பிடித்துவைப்பதற்கு வேண்டிய புரதம் அது. இந்தத் தோலோடு பிறந்தவர் பெரியவராகி ஈரவேலைக்குப் போனால், கை எக்சிமா வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்.

தொடுவதால் வருவது இரண்டு விதம். சோப்பு, உப்பு, ஐஸ், ஓயாத தண்ணீர் ஆகியவை யாருடைய தோலையும் போதிய நாள் கிடைத்தால் அரித்துவிடும். இது எரிச்சல்வகை, ஒவ்வாமை தேவையில்லை. மற்றது ஒவ்வாமைவகை: உடல் ஒரு பொருளை எதிரியாகப் பழகிக்கொண்டபின், துளி பட்டாலும் ஓரிரு நாளில் பொங்கும். கொத்தனார் கையில் சிமெண்டிலுள்ள குரோமியம், கவரிங் தோட்டில் நிக்கல், தலைச்சாயத்தில் பிபிடி என்னும் வேதிப்பொருள், ரப்பர் செருப்பில் வார் படும் இடம் ஆகியவை வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் நாள்தோறும் பார்ப்பவை.

இவற்றுக்கு அப்பால், நாள் முழுக்க நின்று வேலை செய்பவரின் கணுக்காலுக்கு மேல், நரம்பு சுருண்ட காலில் வரும் எக்சிமா உண்டு. அதற்குக் களிம்பைவிடக் காலைத் தூக்கிவைப்பதும் அழுத்தக் காலுறையும் முக்கியம். உச்சந்தலையிலும் மூக்கோரத்திலும் பொடுகோடு வருவதற்கு கீட்டோகோனசோல் ஷாம்பு. பின்கழுத்தையும் கணுக்காலையும் சொறிந்து சொறிந்தே தடிக்கவைத்துக்கொள்வது ஒன்று. வட்டவட்டமாகக் காலில் கசிவது ஒன்று. விரல் பக்கவாட்டில் ஜவ்வரிசி பதித்தாற்போல் கொப்புளம் போடுவது ஒன்று. இவருக்கு இவை எதுவும் பொருந்தவில்லை.

எக்சிமா அல்லாதவற்றையும் விலக்கவேண்டியிருந்தது. பூஞ்சை என்றால் பெரும்பாலும் ஒரு கையோடு இரண்டு பாதங்களில் இருக்கும். சுரண்டலை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பார்த்தபோது பூஞ்சை இழை எதுவும் இல்லை. ஸ்டீராய்டு பூசிய தோலில் பூஞ்சை முகம் மாறி ஒளிந்துகொள்ளும் என்பதால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்தோம், இல்லை. சிரங்கு என்றால் விரலிடுக்கில் சுரங்கம் போன்ற கோடு, தொப்புளைச் சுற்றிப் புள்ளிகள், வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி அரிப்பு இருக்கும்; இங்கே அவை இல்லை. சோரியாசிஸுக்கான தடயம் தலையிலும் நகத்திலும் இல்லை.

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகையாலா என்று அவருடைய கணவர் கேட்டார். வடசென்னையில் நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது கையும் காலும் எரிச்சலோடு வந்தவர்களை நாம் மறந்துவிடமுடியாது. காற்று மாசு அடோபிக் எக்சிமாவைக் கூட்டுகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் புகை முகத்தையும் கழுத்தையும் விட்டுவிட்டுக் கையை மட்டும் தேடி வராது. தடைக்காலத்தில் விடுமுறையும் எடுக்காது.

பரிசோதனைகள்

இரண்டு சந்தேகங்கள், இரண்டுக்கும் வேறுவேறு பரிசோதனை.

நிமிடங்களில் வரும் இறால் அரிப்புக்கு ஊசிமுனைச் சோதனை. அரிப்பு மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தி, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பச்சை இறாலில் குத்திய முனையை முன்கையில் நல்ல தோலில் தொட்டோம். கால் மணி நேரத்தில் தெளிவான தடிப்பு. வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் ஒன்றுமில்லை. உணவுப் பொருளின் புரதமே கையில் எக்சிமாவை உண்டாக்கும் இந்த வகையை டென்மார்க் மருத்துவர்கள் 1976-இல் உணவு தயாரிக்கும் தொழிலாளர்களிடம் விவரித்தார்கள். சாதாரண ஒட்டுச் சோதனையில் இது அகப்படாது. அதனால் கேட்காவிட்டால் தவறிப்போகும்.

நாள் கழித்து வரும் ஒவ்வாமைக்கு ஒட்டுச் சோதனை. சந்தேகப் பொருட்களைச் சிறு தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பது. ஜூன் புழுக்கத்தில் முதுகை நனைக்காமல், வியர்வையில் பிளாஸ்திரி கழன்றுவிடாமல் காப்பது சாதாரண காரியமல்ல. வேலை இல்லாத மாதம் என்பதால்தான் இவரால் முடிந்தது. சந்தேகப்படும் களிம்பை அப்படியே ஒட்டுவதை நம்பமுடியாது. அதிலிருக்கும் ஸ்டீராய்டே எதிர்வினையை அமுக்கிவிடும். நியோமைசினைத் தனியாக ஒட்டினோம். இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் லேசான சிவப்பு. ஏழாம் நாள் சிவந்து தடித்து, கொப்புளங்களோடு ஐயத்துக்கு இடமில்லாத பாசிட்டிவ். நியோமைசின் தாமதமாக எழும் என்பது அறிந்த விஷயம். நான்காம் நாளோடு முடித்திருந்தால் ‘சந்தேகம்’ என்று எழுதி அனுப்பியிருப்போம். நிக்கலும் பாசிட்டிவ். கவரிங் தோடு போட்டால் காது கசியும் பழக்கம் அவருக்கு உண்டு. கைநோயோடு அதற்கு இப்போது தொடர்பில்லை.

ஆக, ஒரே கையில் நான்கு அடுக்கு: கரப்பானோடு பிறந்த தோல்; அதை அரித்த ஈரவேலை; இறால் புரதத்துக்கு ஒவ்வாமை; எல்லாவற்றுக்கும் மேல், ஆற்றுவதற்காகப் பூசிய களிம்பிலேயே இருந்த ஒவ்வாமைப் பொருள். களிம்பிலிருந்த ஸ்டீராய்டு இரண்டு நாள் அமுக்கும். நிறுத்தியதும் நியோமைசின் மூட்டியது கிளம்பும். அதை அடக்க மறுபடி அதே களிம்பு. “வுட்டா டபுளா வரும்” என்று அவர் சொன்னதன் விளக்கம் இது. தடைக்காலத்தில் கை ஆறாததற்கும் இதுவே காரணம்.

வைத்தியம்

முதல் வேலை அந்த டியூபை நிறுத்துவது. அடுத்தது கசிவு. கசியும் தோலில் களிம்பு நிற்காது. மிக நீர்த்த, இளஞ்சிவப்புப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் கை வைத்திருக்கச் சொன்னோம். கசிவு காய்ந்ததும் அதை நிறுத்திவிடவேண்டும். தொடர்ந்தால் தோல் வறளும். மஞ்சள் பொருக்குக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை.

பிறகு நான் எழுதியது மீண்டும் குளோபெடசால். கணவருக்கு அதிர்ச்சி: “அதே மருந்தையா?” ஆமாம், ஆனால் கலப்பில்லாமல், ஆயின்ட்மென்ட் வடிவில், உள்ளங்கைக்கு மட்டும், இரவில் ஒரு வேளை, இரண்டு வாரம், பிறகு வாரத்தில் இரண்டு இரவு. உள்ளங்கைத் தோல் தடிமன். வீரியம் குறைந்தது உள்ளே இறங்காது. ஏற்கெனவே மெலிந்துபோன புறங்கைக்கு ஸ்டீராய்டே வேண்டாம், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு 0.1 சதவீதம். முதல் சில நாள் எரியும், பயப்படவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1952-இல் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு வந்த நாள் முதல் எக்சிமா வைத்தியத்தின் முதுகெலும்பு ஸ்டீராய்டுதான். அதைக் கண்டபடி பூசுவது எவ்வளவு கேடோ, ‘ஸ்டீராய்டா? ஐயோ’ என்று தேவையான குழந்தைக்குக்கூடப் பூசாமல் விடுவதும் அவ்வளவு கேடு. எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பதே கேள்வி. அளவுக்கு விரல்நுனிக் கணக்கு: டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது போதும்.

நான் அதிக நேரம் பேசியது வாசலினைப் பற்றி. வாசனையில்லாத வெள்ளை வாசலின், ஒவ்வொரு முறை கை நனைந்து துடைத்தபின்பும். விலையுயர்ந்த கிரீம் தேவையில்லை. நிறையப் பூசுவதுதான் தேவை. குளோபெடசால் எரியும் நெருப்பை அணைக்கும், தோலைக் கட்டுவது இந்த வேலைதான். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்றால், பூசலாம். குழந்தைகளின் அடோபிக் எக்சிமாவில் மினரல் எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நன்றாக உதவியதாக 2014-இல் பிலிப்பைன்ஸ் ஆய்வொன்று வெளிவந்தது. ஆனால் வெடித்த உள்ளங்கைக்கு அது போதாது.

கையுறை என்று எழுதிக்கொடுப்பது எளிது. இறால் கொம்பு மெல்லிய கையுறையைக் கிழித்துவிடும். தடித்ததைப் போட்டால் கத்தி பிடிபடாது. உள்ளே வியர்த்து ஊறினால் கையுறையே ஈரவேலையாகிவிடும். பேசிப்பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மீனுக்கு ஊசிமுனைச் சோதனை நெகட்டிவ் என்பதால் மீன் வெட்டும் வேலையை வைத்துக்கொள்வது, இறாலை நாத்தனாரிடம் விட்டுவிடுவது. உள்ளே பருத்தி, வெளியே நைட்ரைல். உள்ளுறை நனைந்ததும் மாற்ற இரண்டு ஜோடி கூடையில். துணி சோப்பால் கை கழுவுவது நின்றது. வீட்டுப் பாத்திரம் கணவரும் மூத்த மகளும். தொழிலை விட்டுவிடச் சொல்லும் அறிவுரையால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பகுதியை விட்டால் கை பிழைக்கும் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தச் சோதனைகள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் வேதிப்பொருளாலும் வண்ணப்பூச்சாலும் வரும் தொடுகைத் தோல்நோய் இருந்தது. துறைமுகத் தரையில் உட்கார்ந்து கிலோ கணக்குக்கு இறால் உரிக்கும் பெண் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியாகவே இருந்ததில்லை. அவருடைய கை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

கை இதற்கும் அடங்காமல் போயிருந்தால் ஒளிச்சிகிச்சை, நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் அல்லது சைக்ளோஸ்போரின் என்று அடுத்த படிகள் உண்டு. கடுமையான அடோபிக் எக்சிமாவுக்கு அமெரிக்காவில் 2017-இல் டுபிலுமாப் ஊசி அனுமதி பெற்றது. கை எக்சிமாவுக்கென்றே டெல்கோசிடினிப் களிம்பு 2024-இல் ஐரோப்பாவில் வந்தது. இவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

சாப்பாடு, மகன்

“கருவாடு, கத்திரிக்கா, இறால் எல்லாம் நிறுத்திட்டேன்” என்றார். இறால் குழம்பு சாப்பிட்டு வாய் அரித்ததோ மூச்சு வாங்கியதோ ஒருநாளும் இல்லை. தொட்டால் வரும் புரத ஒவ்வாமை இருக்கும் பலர் சமைத்ததைச் சாதாரணமாகச் சாப்பிடுவார்கள். நிறுத்தவேண்டியதில்லை, உதடு தடித்தாலோ, இறால் அவிக்கும் ஆவியில் இருமல் வந்தாலோ உடனே வரவேண்டும். மகனுக்கும் மீன், முட்டை எல்லாம் நிறுத்திவைத்திருந்தார். எடை குறைந்த பிள்ளை. சோதனையில்லாமல், சாப்பிட்டதும் அரிப்பு வந்த சரித்திரமும் இல்லாமல் குழந்தையின் தட்டிலிருந்து மீனை எடுப்பது கரப்பானைக் குறைக்காது, பிள்ளையைத்தான் இளைக்கவைக்கும். மகனுக்கு வேண்டியிருந்தது சுருக்கமான வெதுவெதுப்புக் குளியல், துடைத்த மூன்று நிமிடத்துக்குள் உடல் முழுக்க ஈரப்பசைக் களிம்பு, மடிப்புகளுக்கு நடுத்தர ஸ்டீராய்டு சில நாள். இந்த அளவுக்கு வாரம் 250 கிராம்வரை ஈரப்பசைக் களிம்பு செலவாகும். சின்ன டியூபில் முடியும் காரியமல்ல.

பின்தொடர்வு

இரண்டு வாரத்தில் முன்கைக் கசிவு முழுதும் நின்றது. ஆறாவது வாரம் விரல் வெடிப்புகள் மூடின. படகுகள் ஓடத் தொடங்கியபின் வந்த முதல் ஆகஸ்டில் கை தாக்குப்பிடித்தது. முந்தைய ஆண்டுகளில் அதற்குள் வெடித்திருக்கும். ஐப்பசி மழையில் உள்ளுறை காயாமல் ஒரு வாரம் வெறுங்கையோடு வேலை செய்ததில் இடது விரல் நுனிகள் திரும்ப வெடித்தன. வார இரு இரவு மருந்தைத் தினசரியாக்கி பத்து நாளில் அடங்கியது. பார்வைக்குத் தெளிந்தாலும் தோலின் தடுப்பு முழுதாகத் திரும்ப மாதக்கணக்காகும். புறங்கையின் மெலிவு பாதியளவே சரியாகியிருக்கிறது. இது குணமான கை அல்ல, கட்டுக்குள் இருக்கும் கை என்று அவரிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறோம்.

அவர் பர்சில் வைத்துக்கொள்ளத் தமிழில் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தோம்: நியோமைசின் ஆகாது. அதன் உறவான ஃப்ராமைசெடினும் ஆகாது, வெட்டுக்காயத்துக்குப் பலர் வீட்டில் வைத்திருக்கும் சோஃப்ராமைசின் களிம்பில் அது இருக்கிறது. ஜென்டாமைசினிலும் கவனம் வேண்டும். கண் சொட்டு, காது சொட்டு வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் இந்தச் சீட்டைக் காட்டவும்.